ஒரு பக்கம் மட்டும் பார்த்த மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

வணக்கம். நம் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், அந்த நாவலை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் பேசியதாகக் கேள்விப்பட்டு அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்தேன். "முழுசாப் படிச்சீங்களாங்க மாமா?" என்று கேட்டேன். "எதுக்குக் கண்ணு படிக்கோணும்? அதான் வாட்ஸ்அப்புல அந்தப் பக்கத்தைப் போட்டிருக்கறாங்களே" என்றீர்கள். போனில் பெரியவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், இதே பதிலை நம் பக்கத்தில் பலர் சொல்லக் கேட்டுவிட்டேன். நாவலின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பக்கம்தான் இன்னும் நாலு குழுவுக்குப் போகும்.

படிக்காமல் ஒரு புத்தகத்தைப் பற்றி முடிவெடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அட்டையைப் பார்த்து, பின்னட்டையைப் படித்து, விலையைப் பார்த்து, பத்தைக் கையில் எடுத்து ஒன்பதை வைத்துவிட்டு வருகிறோம். எனக்கு இது வேண்டாம் என்பதற்கு யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கூட்டத்தில் சொன்னது, ஊருக்கே வேண்டாம் என்று. சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் நூலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து போகிற கல்லூரிப் பிள்ளைக்கும் சேர்த்து நீங்களே முடிவு சொல்லிவிட்டீர்கள். அவளுக்காக முடிவெடுக்கிறவர் அவளுக்கு முன்னால் அதைப் படித்திருக்க வேண்டாமா?

"ஒரு விரலியை ஒடிச்சாத் தெரியாதா, மூட்டை எப்படின்னு?" என்றும் கேட்டீர்கள். மஞ்சள் மண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள், மஞ்சளில் உங்கள் கண் தப்பாது. ஒரே காட்டில் விளைந்து, ஒரே கொப்பரையில் வெந்து, ஒரே களத்தில் காய்ந்த சரக்கு அது. ஒரு விரலி மற்றதற்குச் சாட்சி சொல்லும். நாவலில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை மறுக்கும், மாமா. உங்களுக்கு வந்த போட்டோவில் ஒரு கிழவர் தன் மருமகளை நாக்கூசும்படி பேசுகிறார். அறுபது பக்கம் தள்ளி, பாயில் விழுந்த அதே கிழவர் அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கிறார். அப்போது அவள் கேட்கிற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்பது அங்கேதான் தெரிகிறது. போட்டோ எடுத்தவர் அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை.

திருச்செங்கோட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. நாலு வருசம் கடைகளில் சாதாரணமாக விற்றுக்கொண்டிருந்த புத்தகம். 2014 டிசம்பர் கடைசியில் சில பக்கங்கள் மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் கொடுக்கப்பட்டன. புத்தகத்தை எரித்தார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு நாளில், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-ல் தீர்ப்புச் சொல்லி, அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன பிறகுதான் மறுபடி எழுத வந்தார்.

அன்றைக்குத் தெருவில் நின்ற எல்லோரும் யாரோ தூண்டிவிட்டு வந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. தன் ஊரையும் தன் வீட்டுப் பெண்களையும் கேவலமாக எழுதிவிட்டான் என்று ஒருவர் சொல்லி, கையில் ஒரு காகிதத்தையும் கொடுத்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் அந்தக் காகிதத்தில், கதையின் புருசன் பொண்டாட்டியான காளியும் பொன்னாவும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த உசுரு இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம் பிள்ளை இல்லாமல் சொந்தபந்தத்திடம் அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு இல்லை. நம் வீடுகளில் அந்தப் பேச்சைக் கேட்காத பொம்பளை உண்டா மாமா? பிள்ளையில்லாத என் பெரியம்மா எத்தனை சீர்களில் ஒதுங்கி நின்றார் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் அக்காதானே. அவருக்காகப் பேசுகிற ஒரு கதையை, அவருக்கு எதிரானது என்று ஊரே நம்பியது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் அதுதான்.

எதிர்த்தவர்களை மட்டும் சொன்னால் நியாயமாகாது. ஆதரித்துப் பேசியவர்களிலும் பலர் படிக்கவில்லை. வழக்குக்குப் பிறகு வாங்கி, பிரிக்காமல் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். வழக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தக் கதையின் முடிவிலிருந்து, காளி உயிரோடு இருப்பதாக ஒன்றும் இறந்துபோவதாக ஒன்றும், பெருமாள்முருகனே இரண்டு நாவல்கள் எழுதினார் என்பது தெரியாது. படிக்காமல் தூக்கிப் பிடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

நீதிமன்றங்களும் இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. சமரேஷ் பாசு என்ற வங்க எழுத்தாளரின் நாவல் ஆபாசம் என்று கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன. 1985-ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிபதி முதலில் எழுதியவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு எல்லா வயது வாசகர்களின் இடத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. புத்தகத்தைத் திறக்காமல் இந்த இரண்டில் எந்த இடத்துக்கும் போக முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேடை ஏறினால், வட்டார நாவலுக்கு வழிகாட்டியது நம் கொங்கு மண்தான், ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' எழுதினார் என்று பெருமையாகச் சொல்வீர்கள். எனக்கும் அதில் பெருமைதான். நாகம்மாள் யார்? கைம்பெண். கெட்டியப்பனோடு தொடர்பு வைத்திருப்பவள். கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறவள். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பெயரில்லாமல் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால், அதையும் எடுக்கச் சொல்லித்தான் கூட்டத்தில் பேசுவீர்கள் என்று பயமாக இருக்கிறது.

மாமா, பள்ளிக்கூடக் காலத்தில் எனக்கு நூலக உறுப்பினர் சீட்டுக்குப் பணம் கட்டியவர் நீங்கள். என்ன எடுக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள், நீங்கள் எடுக்கச் சொன்ன அந்த நாவலைப் படித்துவிடுங்கள். இருநூறு பக்கம்தான். கண் ஆபரேசனுக்குப் பிறகு சின்ன எழுத்து சிரமம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான் வந்து வாசித்துக் காட்டுகிறேன். படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், எந்தப் பக்கம், என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். என் பதிலையும் எழுதித் தருகிறேன். இரண்டையும் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லலாம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்