கழுகுமலையில் படிக்கப்படாத பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கழுகுமலை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கி, முடிக்காமலே விட்டுவிட்ட 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலில், மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் கட்டுரையாளர் தவறவிடாதது மகிழ்ச்சி. 'தென்னகத்து எல்லோரா' என்ற பட்டத்தை மட்டும் தவிர்த்திருக்கலாம். கழுகுமலைக்கு அதன் பெயரே போதும்.

என் குறை வேறு. கட்டுரை வெட்டுவான் கோயிலோடு மலையிறங்கிவிட்டது. அதே மலையில், அய்யனார் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில், சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. இடையிடையே பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை இயக்கி ஆகியோரின் பெரிய சிற்பங்களும் உண்டு. அவற்றுள் பலவற்றின் கீழே, அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் யார், எந்த ஊரார், யாருடைய மாணாக்கர் என்பது, பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் ஓரிரு வரிகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோட்டாறு, திருச்சாரணம் முதலிய ஊர்களைச் சேர்ந்த துறவியர், 'குரத்தியர்' எனப்பட்ட பெண் துறவியர், தச்சர், குயவர் என்று பலதரப்பட்டோர் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். வெட்டுவான் கோயிலைச் செதுக்கியவரின் பெயரோ நமக்குத் தெரியாது. மேலே செதுக்கிய மகனைக் கீழே வேலை செய்த தந்தையே உளியால் கொன்றார் என்ற கதையைச் சொல்லித்தான் அந்த வெற்றிடத்தை ஊரார் நிரப்பியிருக்கிறார்கள்.

பங்குனி உத்திரத் தேரோட்டத்துக்குக் கழுகாசலமூர்த்தி கோயிலில் கூடும் சுற்றுவட்டாரத்து மக்களில் சிலரேனும் மலையேறி, அந்தப் பாறையடியில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்க்கிறார்கள். தலைக்கு மேலே எழுதியிருப்பவற்றுள் தங்களைப் போன்ற கைவினைஞர்களின் பெயர்களும் உண்டு என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? அறிஞர்கள் படித்துப் பதிப்பித்த கல்வெட்டுகள்தாம் இவை. பத்து வரிகளையாவது இன்றைய எழுத்தில், பொருளோடு, ஒரு பலகையில் எழுதி அங்கே நிறுத்துவது பெரும் செலவு பிடிக்கும் வேலையன்று.

அதுவரை, வட்டெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைத் தங்கள் கட்டுரையாளரோடு மீண்டும் கழுகுமலைக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். உச்சிவெயிலில் எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. சாய்வெயிலில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி