பதினோரு வகை ஏசி சர்வீஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சி உறையூரில் ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். 19 வருஷத் தொழில். அக்னி நட்சத்திரம் முடிகிறவரை பகலில் பேப்பர் பிரிக்க நேரம் கிடைக்காது, ராத்திரிதான் படிப்பேன். போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிட செல்போன் செயலியைத் திறந்தால் எதைத் தொடுவது என்றே புரியவில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தப்பைச் செயலிக்காரர்கள் மட்டும் செய்யவில்லை. நானும் செய்திருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்கா மகன், "மாமா, தொழிலை டெவலப் பண்ணணும்" என்று சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான். வழவழப்பான கலர் பேப்பர், 1,000 பிரதி. அதில் பேசிக் சர்வீஸ், டீலக்ஸ் சர்வீஸ், ஜெட் வாஷ், ஃபோம் வாஷ், டீப் கிளீனிங், கேஸ் டாப்-அப், ஃபுல் கேஸ், சம்மர் காம்போ, 2 ஏசி காம்போ, பார்ட்ஸோடு வருஷ ஒப்பந்தம், பார்ட்ஸ் இல்லாத வருஷ ஒப்பந்தம் என்று 11 வரி. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

போன் நிறைய வந்தது, வேலைதான் வரவில்லை. ஜெட்டுக்கும் ஃபோமுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிஷம் விளக்குவேன். "சரிங்க, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். அவ்வளவுதான், திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

டிபன் கடையில் சப்ளையர் வந்து இட்லி, பொங்கல், பூரி, கிச்சடி, ரவா, ஆனியன் ரவா என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்ததும் நாம் என்ன சொல்கிறோம்? "முதல்ல ரெண்டு இட்லி கொண்டு வாங்க." இட்லியாவது தெரிந்த பொருள். ஃபோம் வாஷ் யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சர் கூப்பிட்டார். போனேன். இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சுவரெல்லாம் கோடு. கீழே ஸ்டூல் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. என் நோட்டீஸில் பென்சிலால் மூன்று இடத்தில் டிக் அடித்து, இரண்டை அழித்து வைத்திருந்தார். மிச்சமிருந்தது சம்மர் காம்போ. இருப்பதிலேயே அதிக விலை. எல்லாம் சேர்ந்து வந்தால் சொட்டுவதும் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் கேள்வித்தாள் எடுத்தவ. ஒரு கேள்விக்கு நாலு விடைக்கு மேல குடுத்ததில்ல. நீ பதினொண்ணு குடுத்திருக்கே. கேள்வி எங்கப்பா?"

மூடியைக் கழற்றிப் பார்த்தால், தண்ணீர் வெளியே போகிற டிரெயின் பைப் வாயில் தூசியும் பாசியும் சேர்ந்து நுங்கு மாதிரி ஒரு கட்டி. புளோயரை வைத்து ஊதினேன், போய்விட்டது. ஒரு சொம்பு தண்ணீர் விட்டுப் பார்த்தேன், வெளியே சரியாக இறங்கியது. மொத்தம் இருபது நிமிஷ வேலை. அவர் டிக் அடித்த காம்போவைச் செய்திருந்தால் கேஸுக்கும் சேர்த்துக் காசு வாங்கியிருப்பேன். மனசு கொஞ்சம் ஆடவும் செய்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்புறம் கை வரவில்லை.

ஜெட்டா ஃபோமா என்பதை அவர் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? இரண்டுமே ஏசிக்குள் காற்றைக் குளிரவைக்கிற காயிலில் அடைந்த அழுக்கை எடுக்கிற வேலைதான். வெறும் தூசியா, சமையலறைப் பிசுக்கா என்று பார்த்துவிட்டு நான் முடிவு செய்ய வேண்டிய சங்கதி அது. டாக்டர் எந்த ஊசி வேண்டும் என்று நம்மைக் கேட்பதில்லையே.

இப்போது என் அட்டையில் நாலே வரி. வருஷ சுத்தம். தண்ணீர் சொட்டுகிறது. ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை. ஓடவே இல்லை. முதல் இரண்டுக்கும் விலை போட்டிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் வந்து பார்க்க 300 ரூபாய். பார்த்துவிட்டு விலை சொல்வேன், வேலையைக் கொடுத்தால் அந்த 300 கழிந்துவிடும். போனில் இப்போது ஒரே நிமிஷம்தான் பேச்சு. தனக்கு எந்த வரி என்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, ஏனென்றால் அது அவர்கள் வீட்டிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது.

கேஸ் டாப்-அப் என்ற வரியை அடியோடு எடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருப்பதும் அந்த வரியை நினைத்துத்தான். ஏசி கேஸ் என்பது பைக்கில் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் மெஷின் வைத்து உறிஞ்சி வேக்கம் எடுத்து, யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று இருக்கிறதோ அதை எடை போட்டு ஏற்ற வேண்டும். கசிவை விட்டுவிட்டு டாப்-அப் மட்டும் செய்தால் அடுத்த கோடையில் மறுபடியும் போன் வரும். சிலருக்கு அதுதானே வேண்டும்! குளிரவில்லை என்றாலே கேஸ் என்பதும் இல்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், கெப்பாசிட்டர் போயிருக்கலாம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாயடியில் நீங்களே அலசி மாட்டலாம், அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

செயலிகளில் இன்னொரு கூத்து. ஒரு சர்வீஸைத் தொட்டால் மெம்பர்ஷிப், வாரண்டி என்று கேட்காததெல்லாம் தானாகப் பட்டியலில் ஏறிக்கொள்கிறது. கடைசியில் பணம் கட்டும் இடத்தில் தொகை வேறாக நிற்கிறது. இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகையைக் குறிப்பிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், கடைசியில் விலையை ஏற்றிக் காட்டுவதும் அதில் உண்டு. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. வாசகர் அதைப் பயன்படுத்தலாம்.

கூடத் தொழில் செய்கிறவர்கள், "அண்ணே, காம்போ இருந்தாத்தான் நாலு காசு நிக்கும், நீங்க கெடுக்கிறீங்க" என்கிறார்கள். சீசனில் கிடைப்பதை வைத்துத்தான் ஐப்பசி, கார்த்திகை மழையில் குடும்பம் ஓட்ட வேண்டும், அதை நானும் மறுக்கவில்லை. காம்போவில் வருகிற காசு எனக்கும் போனதுதான். ஆனால் போனில் விளக்கியே கழிந்த நேரத்தில் இப்போது இன்னொரு வீட்டுக்குப் போய் வருகிறேன். டீச்சரம்மா தெருவிலேயே ஐந்து வீடு சேர்ந்திருக்கிறது.

மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டு இன்னும் வண்டிப் பெட்டியில்தான் கிடக்கிறது. வழவழப்பான பேப்பர் ஆயிற்றே, தண்ணீர் லேசில் ஊறாது. இன்டோர் யூனிட்டைக் கழுவும்போது கீழே கட்டில் நனையாமல் விரிக்கிறேன்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக் ஒருவர்,
உறையூர், திருச்சி.