எர்லிக் என்றால் 606 மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் பற்றிய தங்கள் கட்டுரை, சிபிலிஸ் நோய்க்கான 606 என்ற ஆர்செனிக் மருந்தோடு நின்றுவிட்டது சற்றே ஏமாற்றமளித்தது. 1908-இல் அவர் ரஷ்ய உயிரியலாளர் மெச்னிகாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது நோயெதிர்ப்பு ஆய்வுக்காகவே. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ‘பக்கச் சங்கிலிகள்’ எனப்படும் நீட்சிகள் பூட்டும் சாவியும் போல நச்சுடன் பொருந்துகின்றன என்றும், அளவுக்கு மிஞ்சி உருவாகிக் கழன்று இரத்தத்தில் மிதக்கும் அச்சங்கிலிகளே நச்சை முறியடிக்கும் எதிர்ப்பொருள்கள் என்றும் 1897-இல் அவர் முன்வைத்த கருத்தின் நீட்சியாகத்தான், கிருமியை மட்டும் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருளுக்கான அவரது தேடலைப் பார்க்க வேண்டும். அந்த 606-உம், பயனற்றதென முதலில் ஒதுக்கப்பட்டு, 1909-இல் ஜப்பானிய ஆய்வாளர் சகாசிரோ ஹாட்டா முயல்களில் மீண்டும் சோதித்தபோதுதான் தேறியது. அவர் பெயரும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. வழக்கமாக விடுபடும் பெயர்தான்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்