அந்தப் பூட்டை எடுத்துவிடு, தம்பி

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

சாப்பிட்டாயா? ராத்திரி ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் இதைப் படி. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் மரண சகாய நிதிக் கணக்கை கூகுள் ஷீட்டில் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதில் நீ வைத்திருக்கும் பூட்டை இந்த வாரம் எடுத்துவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ பாதிதான் கேட்டாய். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் பக்கத்து வீட்டுப் பாட்டி தவறிவிட்டார். பெட்டி, வேன், பண்டாரம் என்று எல்லாவற்றுக்கும் பத்து மணிக்குள் கையில் காசு வேண்டும். நம் நிதியே அதற்குத்தானே. கணக்கில் பாட்டியின் வாரிசாக மூத்த மகன் பெயர் இருக்கிறது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மருமகள் பெயரை ஏற்றச் சொல்லிப் பாட்டி கைநாட்டு வைத்த தாள் என் ஃபைலிலேயே இருந்தது. உன்னிடம் சொல்லி ஏற்றாமல் விட்டது என் தவறு. அன்றைக்கு அந்தக் கட்டத்தைத் தொட்டால், இது பாதுகாக்கப்பட்ட கட்டம், திருத்த வேண்டுமானால் உரிமையாளரிடம் சொல்லிப் பாதுகாப்பை எடுக்கச் சொல் என்று வந்து நின்றது. உரிமையாளர் நீ. நீ பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் கிளீன் ரூமுக்குள் இருக்கிறாய், உன் போன் லாக்கருக்குள் இருக்கிறது.

காசைக் கொடுத்துவிட்டோம். 2,000 வெள்ளி. செயலாளர் அண்ணனும் நானும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மறுநாள் காலையில் நீ திருத்தியும் விட்டாய். ஆனால் அந்த மருமகள் என் போனை எட்டிப் பார்த்து, "என் பேரு ஏறாதாக்கா?" என்று கேட்டாள். இருபது வருடம் அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொண்டவள். துக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று சாயங்காலமே எதிர் வீட்டுப் பிள்ளையின் லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். அவள் இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள், இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. கீழே ஒவ்வொரு ஷீட் பெயருக்குப் பக்கத்திலும் சின்னப் பூட்டுப் படம் இருப்பதைக் காட்டினாள். மேலே 'டேட்டா' என்பதற்குள் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கிறது. ஆனால் என் கணக்கில் எதையும் கழற்ற முடியவில்லை. நீ எனக்கு எழுதும் உரிமை கொடுத்திருக்கிறாய்தான். அது மொத்த ஏட்டுக்குக் கொடுத்த உரிமை. பூட்டுக்கு என்று தனியாக ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறதாம், அதில் என் பெயர் இல்லை. சந்தா வரும் ஒரு பத்தியை மட்டும் எனக்குத் திறந்துவிட்டிருக்கிறாய். இத்தனை நாள் சந்தா மட்டும் எழுதி வந்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை.

"நகல் எடுத்துடலாம் ஆண்ட்டி, நகலுக்கு நீங்கதான் ஓனர்" என்றாள் அந்தப் பிள்ளை. வேண்டாம் என்றேன். ஒரு நிதிக்கு இரண்டு கணக்கு இருக்கக் கூடாது தம்பி. ஒன்றில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்று ஒரு நாள் வந்துவிட்டால், 58 குடும்பத்தில் யாரிடம் போய் எது உண்மை என்று சொல்வேன்?

ஆனால் அவள் சொன்னதில் இன்னொன்று பிடிபட்டது. பூட்டியிருந்தாலும் பார்க்க முடிந்தவர்கள் நகல் எடுக்கலாம், இறக்கி வைத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கான லிங்க் எல்லாக் குடும்பத்திடமும் இருக்கிறது. ஐசி, அதாவது அடையாள அட்டை எண்கள் உள்ள பத்தியை நீ மறைத்துத்தான் வைத்திருக்கிறாய், ஆனால் நகலில் அதைத் திறந்துவிடலாமாம். கை தவறி அழியாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு உதவும், ரகசியத்தைக் காக்க உதவாது. பூட்டு விஷயத்துக்கு முன்னால் ஐசி எண்களை வேறு ஒரு ஃபைலுக்கு மாற்றி, செயலாளருக்கும் எனக்கும் மட்டும் கொடு. இதை இன்றைக்கே செய்.

உன் பாட்டி கதை ஒன்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிவிட்டு வாளியோடு ஸ்டோருக்குப் போனால், கணக்கு எழுதும் கிராணி நிறுத்துப் பார்ப்பார். மெட்ரோலாக் என்ற அளவுகோலைப் பாலுக்குள் விட்டு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்று பார்ப்பார். அப்புறம் புத்தகத்தில் எழுதுவார். புத்தகம் அவர் பக்கமே திரும்பியிருக்கும். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. லயன் வீட்டில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார், ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று. சம்பள நாளில் கோடும் காசும் ஒத்துப் போகாது. கேட்டால், புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது என்பார்கள். நான் அப்போது பள்ளியில் ஆறாம் ஆண்டு, எனக்குக் கணக்கு நன்றாக வரும். பாட்டி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், புத்தகத்தை ஒரு தடவை இந்தப் பக்கம் திருப்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே வீட்டில் தாத்தாவின் தகரப் பெட்டியில் இன்னொரு புத்தகம் இருந்தது. நம் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளிப் பங்கு. அன்றைய சம்பளத்தில் 10 வெள்ளி பெரிய காசு. தாத்தா கட்டிய ஒவ்வொரு மாதமும் அதில் ஏறியிருக்கும். விருந்தாளி வந்தால் அதை எடுத்துக் காட்டுவார். நம் நிதிக்கு நான் பொருளாளர் ஆனபோது, கணக்கு அந்தத் தகரப் பெட்டிப் புத்தகம் மாதிரி இருக்க வேண்டும், ஸ்டோர் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நீ ஏன் பூட்டினாய் என்று எனக்கு மறக்கவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்க முடியவில்லை, அப்போதுதான் இந்த ஷீட்டைச் செய்து கொடுத்தாய். மறு வருடம் யாரோ போனில் தெரியாமல் தொட்டு ஒரு பத்தியே அழிந்தது. மொத்தத்தில் 120 வெள்ளி இடித்தது. கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பொருளாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்ட விதம் உனக்குப் பொறுக்கவில்லை. நீ வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்று ராத்திரியே எல்லா ஷீட்டையும் பூட்டிவிட்டாய். இனி என் அம்மாவை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று போட்ட பூட்டு அது. அதற்காக உன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் தம்பி, கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் காசு. எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி என்று இருக்கிறது, யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் காட்டுகிறது. பழைய நிலைக்கே திருப்பவும் முடிகிறது. அந்த 120 வெள்ளியையும் அன்றைக்கு இதிலேயே தேடியிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைச் சுவரில் போட்டு எல்லோருக்கும் காட்டப் போகிறேன்.

இந்த வருட ஷீட்டின் பூட்டைச் சுத்தமாக எடுத்துவிடு. டேட்டா மெனுவில் அந்த இடத்துக்குப் போனால் வலது பக்கம் பட்டியல் வரும், இந்த வருடத்தைத் தொட்டு, குப்பைத் தொட்டிப் படத்தை அழுத்தினால் உறுதியா என்று ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனிப் பூட்டு, அதனால் மற்றவை தானாகத் திறந்துவிடாது. முடித்த வருடங்கள் பூட்டியே இருக்கட்டும், அவற்றில் என் பெயரையும் செயலாளர் பெயரையும் சேர். மொத்தம் வரும் கட்டங்களுக்கு மட்டும் தடை வேண்டாம், எச்சரிக்கை வை. எழுதப் போனால் நிச்சயமா என்று கேட்கும், எழுத விடும். எனக்கு அந்தக் கேள்வி போதும்.

அப்புறம் உரிமையை என் பெயருக்கு மாற்று. ஷேர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் செய்யலாமாம், எனக்கு மெயில் வரும், நான் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். அதற்குப் பிறகும் நீ எழுதலாம். நீ விலகிப் போவதாக நினைத்துவிடாதே.

வியாழக்கிழமை உனக்கு ஓய்வுதானே? இரவு எட்டரைக்குக் கூப்பிடு, அந்தப் பிள்ளையும் லேப்டாப்போடு வருகிறாள். ஏற்ற வேண்டிய மூன்று வாரிசுப் பெயர்களை எடுத்து வைத்திருக்கிறேன். நீ லைனில் இரு, நானே ஏற்றுகிறேன்.

அன்புடன்,
அம்மா