அழைப்பிதழில் எழுதியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியைக் காலைக் காபியோடு படிப்பது என் நெடுநாள் வழக்கம். சென்ற வாரம் அதில் வந்த ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மயிலாப்பூர்ப் பக்கம் நடந்த ஒரு நாவல் வெளியீட்டு விழாவுக்குப் போனேன். தலைமை வகிப்பவர், நூலை வெளியிடுபவர், முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை வழங்கும் ஐவர், நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவர் என்று ஒன்பது பெயர்கள் அந்தக் குறிப்பில் இருந்தன. நாவலை எழுதியவரின் பெயர் அதற்கெல்லாம் கீழே, 'ஏற்புரை' என்ற சொல்லை ஒட்டி, நன்றியுரைக்கு ஒரு படி மேலே இருந்தது.

6 மணி விழா 6.45க்குத் தொடங்கியது. வாழ்த்த வந்தவர்களில் இருவர் நாவலைப் படித்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் அட்டைப்படத்தைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப்பரிசு, புகைப்படம். எழுதியவர் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றபோது மணி 8.50. அரங்கத்துக்காரர் சாவிக்கொத்தோடு பக்கவாட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த இளைஞர் ஏழு நிமிடம் பேசினார். அதில் ஐந்து நிமிடம் நன்றி சொல்லவே சரியாகப் போயிற்று. அவர் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய நாவலிலிருந்து ஒரு பத்தியைக்கூட அன்று மாலை யாரும் வாசிக்கவில்லை. வெளியே மேசையில் இருந்த பிரதிகளில் ஒன்றை நான் வாங்கியபோது, கட்டு பிரிக்கப்படாமலே இருந்ததையும் பார்த்தேன்.

வீடு திரும்பும் வழியில் அமெரிக்க நாவலாசிரியர் ஆன் பேட்செட் நினைவுக்கு வந்தார். கல்லூரி நூலகராக இருந்த காலத்தில் அவருடைய 'பெல் கான்டோ' நாவலை அட்டை போட்டு அடுக்கில் வைத்தவன் நான். பிறகு அவருடைய கட்டுரைகளையும் விடாமல் படித்துவருகிறேன். எழுத்தாளர் ஒருவர் வாசகர் முன் வந்து நிற்பது எதற்காக என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் தெளிவான பதில் இருப்பதாக எனக்குப் படுவதால், அதைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பேட்செட் 1963இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தவர். சாரா லாரன்ஸ் கல்லூரியிலும் அயோவாவின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறையிலும் படித்துவிட்டு, ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தபடியே முதல் நாவலை மனத்துக்குள் கட்டியவர். 'தி பேட்ரன் செயின்ட் ஆஃப் லயர்ஸ்' என்ற அந்த நாவல் 1992இல் வந்தபோது அவருக்கு 28 வயது. அடுத்தடுத்து இரண்டு நாவல்கள் வந்தன, மதிக்கப்பட்டன, பெரிதாக விற்கவில்லை. நான்காவது நாவலான 'பெல் கான்டோ' 2001இல் வந்து, அடுத்த ஆண்டில் பென்/ஃபாக்னர் விருதையும் பிரிட்டனின் ஆரஞ்சு பரிசையும் பெற்ற பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பெரு நாட்டின் லிமா நகரில் 1996 டிசம்பரில் ஜப்பானியத் தூதர் இல்லத்தில் விருந்தினர்கள் பிணைக்கைதிகளாக்கப்பட்ட நிகழ்ச்சியிலிருந்து அந்தக் கதை முளைத்தது என்பதைத் தங்கள் வாசகர்கள் பலர் அறிந்திருக்கலாம். 'ஸ்டேட் ஆஃப் வொண்டர்', 'தி டச் ஹவுஸ்', 2023இல் வந்த 'டாம் லேக்' என்று அதன்பின் வந்தவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. முதல் நாவலுக்கும் நான்காவது நாவலுக்கும் இடையே ஓடிய ஒன்பது ஆண்டுகளில் அவர் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் என் கேள்வி.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கடைகளில் வாசித்துக்காட்டும் வேலையைப் பற்றி அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். தொடக்கக் காலத்தில் பல ஊர்களில் கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில இடங்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பயணங்கள் வீண் அல்ல என்று அவர் கண்டுகொண்டார். நாற்காலிகள் காலியாக இருந்தாலும் கடையில் வேலை பார்ப்பவர்கள் அங்கே இருந்தார்கள் அல்லவா? அவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்குப் பிடித்த புத்தகங்களைக் கேட்டு, நட்பாகிவிட்டால், எழுத்தாளர் ஊரைவிட்டுப் போன பிறகு அவர்கள் அந்த நாவலைப் படிப்பார்கள். பிடித்திருந்தால், கடைக்கு வருகிறவர் கையில் அதை எடுத்துக் கொடுத்து 'இதைப் படித்துப் பாருங்கள்' என்பார்கள். பெயர் தெரியாத நாவலாசிரியர்கள் அந்த நாட்டில் பெயர் பெறுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மேடையில் அமர்ந்திருக்கும் பிரமுகர் ஒருவர்கூட இந்த வேலையைச் செய்வதில்லை. இருபது நிமிடம் வாழ்த்திவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விடுகிறார். கடைப்பையனோ மறுநாளும் கடையைத் திறக்கிறான்.

இதன் அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. நாஷ்வில் நகரில் பல்லாண்டுகளாக இருந்த டேவிஸ்-கிட் என்ற புத்தகக்கடை 2010 டிசம்பரில் மூடப்பட்டது. சில மாதங்களில் அங்கிருந்த பார்டர்ஸ் கடையும் போயிற்று. புதிய புத்தகம் விற்கும் உருப்படியான பொதுக்கடை ஒன்றுகூட இல்லாத ஊரில் வாழ மனமில்லாத பேட்செட், புத்தக வணிகத்தில் நெடுநாள் அனுபவம் கொண்ட கேரன் ஹேய்ஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, 2011 நவம்பரில் 'பர்னாசஸ் புக்ஸ்' என்ற கடையைத் திறந்தார். அந்த ஆண்டுதான் 'ஸ்டேட் ஆஃப் வொண்டர்' வெளிவந்திருந்தது. அதற்காகப் போன ஊர்களில் எல்லாம் கடைக்காரர்களிடம் தொழில் நுணுக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் தம் கடைக்கு வந்து சேர்ந்தார். கடை திறந்த செய்தியை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. மின்னூலும் இணைய விற்பனையும் புத்தகக்கடைகளை விழுங்கிவிடும் என்று எல்லாரும் ஆருடம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. (நுங்கம்பாக்கத்து லேண்ட்மார்க் மூடப்பட்டபோது இங்கே நாமும் நிறைய வருத்தப்பட்டோம், எனக்குத் தெரிந்து வருத்தப்பட்டவர்களில் யாரும் கடை திறக்கவில்லை, என்னையும் சேர்த்து.)

அன்றிலிருந்து பேட்செட்டின் பொதுத் தோற்றங்களில் பெரும்பகுதி பிறருடைய புத்தகங்களுக்காக என்று ஆகிவிட்டது. தம் கடைக்கு வரும் எழுத்தாளர்களை அவரே அறிமுகப்படுத்துகிறார். எதிரே அமர்ந்து கேள்வி கேட்கிறார். அவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார். பழைய புத்தகம் ஒன்றைக் கையில் ஏந்தியபடி, இதுவரை படிக்காதவருக்கு இதுவும் புதிய புத்தகம்தான் என்று கடையின் காணொளிகளில் பரிந்துரைக்கிறார். 2021ஆம் ஆண்டுக்கான நேஷனல் ஹியூமானிட்டீஸ் மெடல் என்ற உயரிய விருதை வெள்ளை மாளிகையில் பெற்ற ஒருவர், இன்னொருவர் எழுதிய நாவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இதைவிட நல்ல வாழ்த்துரை இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

எழுத்தாளர் நேரில் வருவது அலங்காரத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் அவருடைய வாழ்க்கையில் ஒரு சான்று உண்டு. தம் தோழியும் கவிஞருமான லூசி கிரீலியோடு தமக்கிருந்த நட்பைப் பற்றி அவர் 'ட்ரூத் அண்ட் பியூட்டி' என்ற நினைவுநூலை 2004இல் எழுதினார். தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2006இல் முதலாண்டு மாணவர் அனைவரும் படிக்கவேண்டிய நூலாக அதைத் தேர்ந்தெடுத்தபோது, அது ஒழுக்கக்கேடான நூல் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவரை அழைக்கவே கூடாது என்றும் குரல் எழுந்தது. அவர் போனார். மாணவர்கள் முன் நின்று, எதைப் படிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை வயதுவந்த மாணவருக்கு ஏன் வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னார். அந்த உரை பின்னர் அவருடைய கட்டுரைத் தொகுப்பிலும் இடம்பெற்றது. நம் மாநிலத்தில் பெருமாள்முருகன் தம் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் நடுவே, 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்ததையும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை மீண்டும் எழுதச் சொன்னதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். எழுதியவரும் வாசகரும் ஒரே அறையில் உட்கார்ந்து நூலைப் பக்கம் புரட்டிப் பேசும் பழக்கம் ஊருக்கு ஊர் இருந்திருந்தால் அந்தப் புயல் எழுந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நூலைப் படித்தவர்கள் சற்று அதிகமாக இருந்திருப்பார்கள்.

இது அமெரிக்கப் பழக்கம், நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்பவர்கள் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' நூலை ஒருமுறை புரட்டவேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருப்பெருந்துறைப் புராணத்தை அரங்கேற்றியதை அவர் அதில் எழுதியிருக்கிறார். அரங்கேற்றம் என்றால் என்ன? இயற்றியவர் சபையில் அமர, செய்யுள் செய்யுளாக நூல் வாசிக்கப்படும், பொருள் விளக்கப்படும், ஐயம் எழுந்தால் அங்கேயே விடை சொல்லப்படும், இப்படிப் பல நாள் நடக்கும். அந்தச் சபையின் நடுவில் இருந்தது நூல். அந்தச் சொல்லை நாட்டியத்துக்குக் கொடுத்துவிட்டு, நாவலாசிரியருக்கு 'ஏற்புரை'யை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம்.

சென்னையில் நல்ல முயற்சிகளே இல்லை என்றும் சொல்லமாட்டேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடக்கும் 'பொன்மாலைப் பொழுது' கூட்டங்களில் பேசுபவருக்குப் போதிய நேரம் கிடைக்கிறது. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல் போன்ற புத்தகக்கடைகள் அடுக்குகளுக்கு நடுவிலேயே கூட்டம் நடத்தியிருக்கின்றன. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் எழுத்தாளர்கள் பதிப்பக அரங்குகளில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். நெரிசலில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாது என்றாலும் அதுவும் ஒரு சந்திப்பே. இவற்றையெல்லாம் விழா என்று கருதாமல் சில்லறை நிகழ்ச்சி என்று கருதும் மனப்பான்மைதான் நம்மிடம் மாறவில்லை.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பல எழுத்தாளர் நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு உண்டு. பெரும்பாலும் அந்தக் கட்டணத்திலேயே புத்தகமும் அடங்கிவிடும். வந்தவர் கையில் ஒரு பிரதியோடு திரும்புகிறார்; கடைக்கு வியாபாரம், பதிப்பாளருக்கு விற்பனை, எழுதியவருக்கு உரிமைத்தொகை. முதற்பதிப்பே சில நூறு பிரதிகளாகச் சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் நம் நாவலாசிரியர்களோ அரங்க வாடகை, பொன்னாடை, சுண்டல், காபி என்று கைக்காசைச் செலவழித்து விழா எடுக்கிறார்கள். மார்கழியில் சபாக்களில் சீட்டு வாங்கிப் பாட்டுக் கேட்கும் அதே மயிலாப்பூர்வாசிகள், 350 ரூபாய் கொடுத்தால் நாவலும் கிடைக்கும், எழுதியவர் வாயாலேயே அரை மணி நேரம் கேட்கவும் செய்யலாம் என்றால் வரமாட்டார்களா? முதல் கூட்டத்துக்குப் பதினைந்து பேர்தான் வருவார்கள். பேட்செட்டுக்கு அவ்வளவு பேர்கூட வராத ஊர்கள் இருந்தன.

குற்றம் சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை முழுதும் படிக்காமலே இருபத்தைந்து நிமிடம் வாழ்த்திப் பேசியிருக்கிறேன். கைதட்டலும் கிடைத்தது. ஏற்புரைக்கு நேரமில்லாமல் போனதால் நண்பர் ஒலிபெருக்கியில் 'நன்றி' என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். அந்தப் பொன்னாடை இன்னும் என் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் நூல் வெளியீடு பற்றிய குறிப்பு வரும்போது, முதலில் நூலின் பெயர், அடுத்து அதை எழுதியவர் பெயர், அவர் வாசிக்கப்போகிறாரா இல்லையா, பிரதி அங்கே கிடைக்குமா, விலை என்ன என்பவற்றைப் போடுங்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். பத்திரிகையில் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்தான் அமைப்பாளர்கள் நாற்காலி போடுகிறார்கள் என்பது நாற்பது ஆண்டுகள் கூட்டங்களுக்குப் போய் நான் கண்டது. இடம் போதவில்லையென்றால் வாழ்த்துரை வழங்குவோரின் பெயர்களைத் தாராளமாகக் கத்தரித்துவிடலாம். அடுத்த மாதம் மந்தைவெளியில் நடக்கவிருக்கும் ஒரு வெளியீட்டின் அழைப்பிதழில் நான்காவதாக என் பெயரும் அச்சாகியிருக்கிறது, அதிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
மந்தைவெளி, சென்னை - 28