கொண்டியைக் கழற்றிய அண்ணாச்சிக்கு

குற்றாலத்திலிருந்து வந்து நான்கு நாள் ஆகிறது. ஐந்தருவியில் குளிக்கும்போது மகளுக்கு வலிப்பு வந்தது. அதை மறுபடி விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. விசாரித்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, மகள் நன்றாக இருக்கிறாள்.

பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதல் நன்றி. நான் வாயடைத்து நின்றபோது அவளை அருவிக்கு அடியிலிருந்து இழுத்து முகத்தை மேலே தூக்கிப் பிடித்தவருக்கு, ஒருக்களித்துப் படுக்க வைத்தவருக்கு, யாரோ சாவிக்கொத்தை நீட்டியதும் "அதெல்லாம் வேண்டாம், வாயிலயும் எதையும் திணிக்காதீங்க" என்று தடுத்த கல்லூரிப் பெண்ணுக்கு, ஈரச்சேலையைச் சுற்றித் திரையாகப் பிடித்து நின்றவர்களுக்கு, விசிலடித்துக் கூட்டத்தை விலக்கிய காவலருக்கு, வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரருக்கு, நெஞ்சுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்த தென்காசி டாக்டருக்கு. ஒருவர் பெயரையும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எல்லோருக்கும் சேர்த்துக் கும்பிடு.

ஆனால் இந்த மடல் முக்கியமாக, நாங்கள் தங்கிய விடுதியில் ரூம் பார்க்கும் அண்ணாச்சிக்கு.

மறுநாள் சாயங்காலம் ரூமுக்குத் திரும்பியதும் எனக்கும் மகளுக்கும் சண்டை. பதினோரு வயது. குளிக்கும்போது கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட வேண்டும் என்கிறாள். திறந்தே இருக்கட்டும், நான் வாசலில் நிற்கிறேன் என்கிறேன் நான். அவள் அழுதாள், நானும் அழுதேன். சத்தம் வெளியே கேட்டிருக்கிறது. அண்ணாச்சி வெந்நீர் வருகிறதா என்று பார்க்க வந்தவர்போல எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் ஸ்குரூ டிரைவரோடு வந்தார்.

குளியலறைக் கதவின் உள்பக்கத்துக் கொண்டியைக் கழற்றினார். துருப்பிடித்த நான்கு திருகாணிகளையும் செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நிரம்பிக் கிடந்த பெரிய வாளியைக் கவிழ்த்து வெளியே வைத்தார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை ஷவருக்குக் கீழே போட்டார். அப்புறம் ஒரு மஞ்சள் துண்டைக் கதவின் வெளிக் கைப்பிடியில் கட்டினார். மகளிடம்தான் பேசினார்: "இது தொங்குச்சுன்னா உள்ள நீ இருக்கேன்னு அர்த்தம். ஒருத்தரும் வரமாட்டாங்க. கதவச் சாத்திக்க, உக்காந்து குளி, பாடிக்கிட்டே குளி தாயி. பாட்டு நின்னா மட்டும் அம்மா வருவா."

என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு வெக்கம் இருக்கும்லா. எங்க வீட்லயும் கொண்டி கிடையாதும்மா" என்றார். அவர் வீட்டில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

குளிக்கும் அறைக்கு உள்ளே தாழ் கூடாது என்று எங்கள் டாக்டரும் நான்கு வருடமாகச் சொல்கிறார். அதைக் காவலாகத்தான் நான் புரிந்துகொண்டேன், அவளுக்கு மரியாதை குறையாமலும் செய்யலாம் என்பது எனக்கு உறைக்கவில்லை. இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். வரும்போது பொதிகை ரயிலில் இரவெல்லாம் அவள் தூங்கவே இல்லை. காலை எட்டு மணி மாத்திரையைக் கொடுத்தபோது பத்தரை. தூக்கம் கெட்டாலும் மாத்திரை தப்பினாலும் ஃபிட்ஸ் வரும் என்று தெரிந்தே அருவிக்குக் கூட்டிப் போனேன், பக்கத்தில் இருந்த யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் பேச்சாகிவிடுமே என்ற பயம். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க முடியாதபடி 1999லேயே இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நான்தான் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த சாரலுக்கும் வருவோம் அண்ணாச்சி. ஒரு நாள் முழுக்கத் தூங்க வைத்துவிட்டுத்தான் அருவிக்குப் போவேன். கை எட்டும் தூரத்தில் நிற்பேன், பக்கத்தில் குளிப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

எங்கள் வீட்டுக் கொண்டியையும் கழற்றிவிட்டோம். கைப்பிடிக்கு அவளே ஒரு நீலத் துண்டு எடுத்து வைத்திருக்கிறாள். இதை எழுதும்போது உள்ளேதான் இருந்தாள். நடுவில் பாட்டு நின்றது, ஓடினேன். பல்லவி மறந்துபோயிற்றாம்.