உங்கள் வீட்டாருக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும், செவிலியர்களுக்கும், அப்புறம் அன்று இரவு உங்களை எங்களிடம் அனுப்பிவிட்டு வீட்டில் விழித்திருந்தவர்களுக்கும்,

நேற்று என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "அந்த டாக்டரோட பையனுக்குக் காய்ச்சல் சரியாச்சான்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. மூன்று மாதமாகிறது, நான் கேட்கவே இல்லை. ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தபோது உங்களை நேரில் பார்த்தேன், என்னென்னவோ பேசினேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல். யார் பெயரையும் எழுதவில்லை, உங்கள் ஒவ்வொருவருக்கும் நான் யாரைச் சொல்கிறேன் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

குழந்தை பிறந்தது இரவு 10.40-க்கு. சுகப்பிரசவம். நல்ல அழுகை. நான் வராந்தாவுக்கு வந்து எங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் போன் பண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே நிலைமை மாறிவிட்டது. கதவு திறந்து திறந்து மூடியது, செவிலியர் ஒருவர் ஓடினார், இன்னொருவர் எதையோ தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை, பின்னால்தான் நீங்கள் விளக்கினீர்கள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கருப்பை கையை இறுக்கி மூடுவது மாதிரி சுருங்க வேண்டும், அந்த இறுக்கத்தில்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் அடைபடும். அவளுக்குச் சுருங்கவில்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போகிறதாம், உடம்பில் மொத்தமே ஐந்தாறு லிட்டர்தான். இந்தக் கணக்கை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னபடி ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடிப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் இப்படி அதிக ரத்தப்போக்கு ஏற்படுகிறது, அதில் சுமார் 70,000 பேர் இறந்துபோகிறார்கள். அவள் அந்த எண்ணிக்கையில் சேராமல் போனது தானாக நடந்ததில்லை.

முதலில் செவிலியர் அக்காவுக்கு. நனைந்த துணிகளை ஒவ்வொன்றாகத் தராசில் போட்டுக்கொண்டிருந்தது நீங்கள்தான் என்று என் மனைவி சொன்னாள், அரை மயக்கத்தில் அவளுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான், நீங்கள் சத்தமாக எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி. கண்ணால் பார்த்து 'கொஞ்சம் ஜாஸ்தியா போகுது' என்று சொல்வதில்தான் பல உயிர்கள் போகின்றன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அளவுக்கோடு போட்ட விரிப்பை அடியில் வைத்து ரத்தத்தை அளந்து, தேவையான சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து கொடுக்காமல் ஒரே மூச்சில் தொடங்கினால், கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைகின்றன. நீங்கள் எண்களைச் சொன்னதால்தான் டாக்டர் நேரம் பார்க்காமல் அடுத்தது அடுத்தது என்று போக முடிந்தது.

அடுத்து, அந்த ஜூனியர் டாக்டருக்கு. கருப்பையை உள்ளே ஒரு கை, வயிற்றின் மேல் ஒரு கை வைத்து அழுத்திப் பிடித்தபடியே இருபது நிமிடத்துக்கு மேல் நின்றவர் நீங்கள். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் கையை எடுக்கவில்லை, ட்ராலியோடு பக்கவாட்டில் நடந்தே போனீர்கள், அதை நான் பார்த்தேன். உங்கள் போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, திரையில் 'அம்மா' என்று வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. விடியற்காலையில் நீங்கள் அதை எடுத்துக் காதில் வைத்த கையைப் பார்த்தேன், விரல்கள் சரியாக மடங்கவில்லை. அம்மாவிடம் நல்லவிதமாகச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போது, பெரிய டாக்டர் மேடம், உங்களுக்கு. நான் உங்களிடம் கத்தினேன்.

கையெழுத்து வாங்க வெளியே வந்தீர்கள். ரத்தம் நிற்காவிட்டால் கருப்பையையே எடுக்க வேண்டி வரலாம், அதற்கும் சேர்த்துக் கையெழுத்து என்றீர்கள். நான் போட்டேன். தியேட்டர் தயாராகும் அந்த ஒரு நிமிட இடைவெளியில் உங்கள் போன் வந்தது, திரும்பி நின்று மெதுவாகப் பேசினீர்கள், "அஞ்சு மில்லி மட்டும் குடுங்க அத்தை, ஆறு மணி நேரத்துக்குள்ள மறுபடி வேண்டாம், அவன்கிட்ட போனைக் குடுங்க." அப்புறம் குரல் அப்படியே மாறியது. சிரித்துக்கொண்டு "என்னடா கண்ணா" என்றீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உள்ள உயிர் போய்க்கிட்டிருக்கு, நீங்க வீட்டுக்குப் போன் பேசி சிரிக்கிறீங்களா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள், கோபப்படவில்லை. "தியேட்டர் ரெடி, நான் உள்ள போறேன், ரத்தம் வந்ததும் இவங்களுக்கு வழி விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பிறகு ஒரு செவிலியர்தான் சொன்னார், மகனுக்கு ஆறு வயது, காய்ச்சல் 103, கணவரும் டாக்டர், அவருக்கு வேறொரு மருத்துவமனையில் நைட் டியூட்டி, மாமியார் ஒருவர்தான் குழந்தையோடு இருக்கிறார் என்று. காய்ச்சலில் பயந்து கிடக்கும் குழந்தையிடம் வேறு எப்படிப் பேசுவது? சிரித்துத்தான் பேச வேண்டும். என் மனைவி வலியில் துடித்தபோது நானும் சிரித்துக்கொண்டுதான் 'ஒண்ணுமில்லம்மா' என்று சொன்னேன். உங்கள் காதில் அங்கே வீட்டில் அஞ்சு மில்லி, இங்கே உள்ளே ஆயிரத்து எண்ணூறு மில்லி, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறது. ஒன்றோடு ஒன்று கலக்காமல் வைத்திருந்தீர்கள். மன்னிப்பு அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், இப்போது எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

மயக்க மருத்துவர் சார், உங்களைப் பற்றி எழுதுவதைவிட உங்கள் மகளைப் பற்றி எழுதத்தான் எனக்கு நிறைய இருக்கிறது. அன்றைக்கு டியூட்டியில் இருந்த மயக்க மருத்துவர் விபத்து கேஸ் ஒன்றில் மாட்டிக்கொண்டதால், ஆன்காலில் வீட்டில் இருந்த உங்களைக் கூப்பிட்டார்கள். மனைவி வெளியூரில், வீட்டில் வேறு யாருமில்லை, தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பிப் பள்ளிப் பையோடு காரில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டீர்கள், காலையில் இங்கிருந்தே பள்ளிக்குப் போய்க்கொள்ளலாம் என்று. ஓட்டமாக வந்து அவளைச் செவிலியர் மேஜை பக்கத்து நாற்காலியில் விட்டுவிட்டு, செருப்பை மாற்றக்கூட நிற்காமல் உள்ளே போனீர்கள். அடுத்த நாற்காலியில் நான்.

பத்து வயது இருக்கும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள். "உள்ள இருக்கிறது உங்க வீட்டு ஆன்ட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளாகவே சொன்னாள், "எங்கப்பா முதல்ல தூங்க வைப்பாங்க. ஆனா வச்சிட்டு வந்திட மாட்டாங்க, கடைசி வரைக்கும் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பாங்க. எழுப்பி விட்டுட்டுத்தான் வருவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆன்ட்டி எழுந்ததும்தான் நாங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

மயக்க மருந்தைப் பற்றி எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்த இரவில் எனக்குக் கிடைத்த ஒரே தைரியம் அதுதான். என் மனைவி கண் விழிக்க வேண்டும் என்று நான் எவ்வளவு காத்திருந்தேனோ, அவளும் அவ்வளவு காத்திருந்தாள், வீட்டுக்குப் போக வேண்டுமென்று. ஒரு கட்டத்தில் கண் சொக்கிப்போய், சிவப்பு பென்சிலை என்னிடம் நீட்டி "இந்தப் பக்கம் நீங்க அடிங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலை வைத்துவிட்டாள். நானும் அடித்தேன். கை நடுங்கியதில் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

ரத்த வங்கியில் இருந்தவர்களுக்கும், ஆறு யூனிட்டையும் மாடிக்கும் கீழுக்கும் ஓடி ஓடிக் கொண்டுவந்த அண்ணனுக்கும், முன்பின் தெரியாமல் எப்போதோ அந்த ரத்தத்தைக் கொடுத்த ஆறு பேருக்கும் நன்றி. கருப்பைக்குள் பலூன் வைத்து நீர் நிரப்பி அழுத்தியதில் ரத்தம் நின்றது, கருப்பையை எடுக்க வேண்டி வரவில்லை. அதிகாலை 3 மணிக்கு அவள் கண் விழித்தாள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு மருந்தின் பெயர் இருந்தது, டிரானெக்ஸாமிக் அமிலம். நரம்பில் ஒரு கிராம், பத்து நிமிடத்தில். ரத்தம் உறைந்தது கரைந்துபோகாமல் தடுக்கும் மருந்து. வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றித் தேடிப் படித்தேன், தூக்கம் வராத இரவுகளில் வேறென்ன செய்ய? அதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷொசுகே ஒகமோட்டோவும், ஆய்வு வெளிவந்தது 1962-ல். போருக்குப் பிந்தைய நாட்களில் பணமில்லாததால், ரத்தம் போதாதபோது தங்கள் ரத்தத்தையே எடுத்து ஆராய்ந்துகொள்ளலாம் என்று ஆய்வுக்கு ரத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்களாம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் உதாகோ குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறார். பிரசவ ரத்தப்போக்கில் சாகும் பெண்களுக்கு இது உதவ வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, ஆனால் சோதித்துப் பார்க்க அங்கிருந்த மகப்பேறு மருத்துவர்களைச் சம்மதிக்கவைக்க முடியவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதித்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் ஏற்படும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2017-ல் முடிவு வந்தது. அவர் 2016-லேயே, 98 வயதில், இறந்துவிட்டார்.

முதுகில் குழந்தையோடு ஒரு பெண் கண்டுபிடித்ததை, போனில் குழந்தையோடு ஒரு பெண் என் மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்த அன்று வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது வாரம் உங்களிடம் வந்தபோது 'உங்க தியாகத்தை மறக்க மாட்டோம்' என்று சொன்னேன் இல்லையா மேடம். நீங்கள் உடனே, "தியாகம்னெல்லாம் சொல்லாதீங்க. எங்களுக்கு வேண்டியது நைட்ல இன்னொரு ஆள்" என்றீர்கள். அப்போது அது எனக்குச் சற்று வெடுக்கென்று பட்டது. இப்போது அதுதான் சரி என்று நினைக்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-லேயே கண்டறிந்திருக்கிறார்கள். நீங்கள் அன்று காலை எட்டு மணியிலிருந்து டியூட்டியில் இருந்தீர்கள். குடித்துவிட்டு ஒருவர் வண்டி ஓட்டினால் பிடிக்கிறோம், தூங்காமல் ஒருவர் அறுவை செய்தால் கைதட்டுகிறோம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்று சட்டமே இருக்கிறது, அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு 2003-ல்தான் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள், அதுவே எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் இருந்திருந்தால் நீங்கள் பத்து நிமிடம் போய் மகனோடு முழுசாகப் பேசியிருப்பீர்கள், அந்தச் சின்னப் பெண் தன் படுக்கையில் தூங்கியிருப்பாள், என் மனைவிக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. இந்த மடலை யாராவது எடுத்துக்காட்டி 'டாக்டர்னா இப்படித்தான் இருக்கணும்' என்று உங்களை இன்னொரு ராத்திரி நிறுத்திவைத்தால், நான் எழுதியதே வீண்.

அத்தை, உங்களை நான் பார்த்ததில்லை. நள்ளிரவில் ஆறு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு மருந்து கொடுத்து, உடம்பைத் துடைத்துவிட்டு, மருமகளை மறுபடி போனில் கூப்பிடாமல் இருந்தீர்களே, அது எங்களுக்குச் செய்தது. தம்பிக்குக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? அம்மா வீட்டுக்கு வந்தபோது தூங்கிவிட்டிருந்தானா? எங்கள் வீட்டில் இதைத்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பதில் சொல்லியனுப்புங்கள்.

அப்புறம் பாப்பா, உன் சிவப்பு பென்சில் என் சட்டைப்பையில் இருந்தது. ஆன்ட்டி எழுந்துவிட்டாள் என்று கூப்பிட்டதும் அப்படியே ஓடிவிட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். நாளை குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். முனை உடைந்திருந்தது, சீவி வைத்திருக்கிறேன்.